பற்கடியும் முதுகெலும்பும்

வீடு அடங்கி, விளக்கணைந்து, பகலெல்லாம் ஓடியாடிய குழந்தை அயர்ந்து உறங்கத் தொடங்கிய சற்று நேரத்துக்கெல்லாம், அதன் வாயிலிருந்து நறநறவென்று எழும் ஓசையைக் கேட்டுத் துணுக்குற்ற பெற்றோர் எண்ணிறந்தவர். பக்கத்தில் படுத்திருக்கும் தாயின் தூக்கத்தைக் கெடுக்கிற அந்த ஓசை குழந்தையை எழுப்புவதில்லை; காலையில் கேட்டால் அதற்கு ஒன்றும் தெரிவதுமில்லை. செய்கிறவருக்கே தெரியாமல் நடக்கும் ஒரு செய்கைக்குக் காரணம் சொல்லப் பிறர் முன்வருவது உலக இயல்பு. நம் வீட்டுப் பாட்டிமார், வயிற்றில் பூச்சி இருக்கிறது என்று சொல்லிப் பூச்சி மருந்து கொடுக்கச் சொல்வார்கள். பல் வைத்தியர்கள், மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒழுங்காகப் பொருந்தாமையே காரணம் என்று நெடுங்காலம் கருதி வந்தனர். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் கைரோபிராக்டிக் என்னும் முதுகெலும்பு வைத்தியத்தைத் தொழிலாகக் கொண்டவர்களுள் சிலரோ, கழுத்தெலும்பின் கணு ஒன்று நிலை பிசகி நரம்புகளின் ஓட்டத்தைத் தடுப்பதால் பற்கடி உண்டாகிறதென்றும், அந்தக் கணுவைக் கையால் அழுத்தி நேராக்கினால் அது நிவர்த்தியாகுமென்றும் கூறுகின்றனர்.

குடல், தாடை, கழுத்து என்று ஒன்றுக்கொன்று தொலைவான மூன்று இடங்களில் காரணத்தைக் கண்ட இந்த மூன்று கட்சியாரும், தத்தம் சிகிச்சைக்குப் பின் குழந்தைகள் குணமடைந்ததைக் கண்ணாரக் கண்டவர்கள் என்பதே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விஷயம். அவர்களுள் எவரையும் பொய்யர் என்று சொல்ல நமக்கு நியாயமில்லை. பூச்சி மருந்து குடித்த குழந்தை பல் கடிப்பதை விட்டது. பல்லை ராவித் தேய்த்துக்கொண்டவர் நிம்மதியாக உறங்கினார். கழுத்தை அழுத்திவிட்டு வந்த சிறுவனின் அறையில் நிசப்தம் நிலவியது. பிரத்தியட்சமாகக் கண்டது மெய். அதிலிருந்து செய்த அனுமானமும் மெய்தானா என்பதே கேள்வி. அதற்கு விடை காண, உறங்கும் குழந்தையின் வாயில் உண்மையில் என்ன நிகழ்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

உறக்கத்தில் நிகழ்வது

தூக்கத்தில் பல் கடித்தலை வைத்திய நூலார் பிரக்ஸிசம் என்பர். குழந்தைகளுள் எத்தனை பேருக்கு இது உண்டு என்று பல நாடுகளில் நடந்த கணக்கெடுப்புகளை 2013-ஆம் ஆண்டில் ஒருங்கே தொகுத்துப் பார்த்தவர்கள், நூற்றுக்கு 3.5 என்பதிலிருந்து 40.6 என்பது வரையில் எண்கள் சிதறிக் கிடக்கக் கண்டனர். இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்கு ஒரு காரணம் வெளிப்படையானது: பெரும்பாலான கணக்கெடுப்புகளில் சாட்சி சொல்கிறவர் பெற்றோரே, ஒரே அறையில் படுக்கும் தாய் கேட்பதை, வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கும் தாய் கேட்பதில்லை. எண்ணில் மாறுபட்ட அந்த ஆராய்ச்சிகள் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போயின. வயது ஏற ஏறப் பற்கடி குறைகிறது. கனடா நாட்டில் 1994-இல் வெளியான ஆராய்ச்சி, வயது வந்தோருள் ஏறக்குறைய நூற்றுக்கு 8 பேரிடமும், அறுபதைக் கடந்தவர்களுள் 3 பேரிடமும் மட்டுமே அது எஞ்சியிருப்பதாகக் கண்டது. பால்யத்தில் பரவலாக இருந்து, எவரும் எதுவும் செய்யாமலே பெரும்பாலோரை விட்டு நீங்கிவிடும் ஒரு பழக்கம் இது என்பதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் வரப்போகும் விவாதம் முழுவதும் இந்த ஒரு செய்தியைச் சுற்றியே சுழலும்.

காதால் கேட்பதை விட்டுக் கருவியால் அளக்கத் தொடங்கியபோது விஷயம் புதிய உருவம் கொண்டது. நித்திரைப் பரிசோதனைக் கூடங்களில், உறங்குவோரின் கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் உள்ள மெல்லும் தசைகளின் மின்னசைவையும், மூளையின் அலைகளையும், இதயத் துடிப்பையும், மூச்சையும் ஒரே சமயத்தில் பதிவு செய்தனர். மாண்ட்ரியால் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜீல் லாவின் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் பல ஆண்டுகள் செய்த இத்தகைய ஆராய்ச்சிகளில், பல் கடிக்கும் வழக்கமே இல்லாதவர்களிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பேர், தூக்கத்தில் இடையிடையே மெல்லுவதுபோலத் தாடைத் தசைகளை வினாடிக்கு ஒருமுறை என்னும் தாளத்தில் சுருக்கி விரிப்பது தெரியவந்தது. பற்கடி உடையவர்களிடம் இந்த அசைவு அடிக்கடி வருகிறது, வலுவாகவும் வருகிறது, அதுவே வேற்றுமை. ஆகவே பற்கடி என்பது ஆரோக்கியமான சரீரத்தில் இல்லாத ஒன்று புதிதாக வந்து புகுந்த நிலை அன்று. எல்லோரிடமும் மெல்லியதாக உள்ள ஒன்று சிலரிடம் ஓங்கி ஒலிக்கும் நிலையே ஆகும்.

அந்த அசைவு எப்பொழுது எழுகிறது என்பதும் தெளிவாயிற்று. நம் உறக்கம் இரவு முழுவதும் ஒரே ஆழத்தில் நிற்பதில்லை. மணிக்குப் பல முறை, மூன்று முதல் பத்து வினாடி நேரம், உறங்குகிறவர் விழிக்காமலே விழிப்பின் விளிம்புவரை வந்து திரும்புகிறார். பெரியவர்களைப் பரிசோதித்ததில், பற்கடியின் பெரும்பகுதி இத்தகைய சிறு விழிப்புகளை ஒட்டியே, அதுவும் ஆழமில்லாத உறக்கத்திலேயே, நிகழ்வது காணப்பட்டது. முதலில், சில நிமிஷங்களுக்கு முன்பே, உடலைக் கிளர்ச்சியுறச் செய்யும் தன்னியக்க நரம்புகள் சுறுசுறுப்படைகின்றன; சுமார் நான்கு வினாடிக்கு முன் மூளை அலைகள் வேகம் கொள்கின்றன; ஒரு வினாடிக்கு முன் இதயம் விரைகிறது; அதற்குப் பிறகே தாடைத் தசைகள் இயங்குகின்றன. பற்கள் உரசும் சத்தம் இந்த நீண்ட சங்கிலியின் கடைசிக் கண்ணி. அந்தக் கண்ணியை மட்டும் கேட்டுவிட்டு, சங்கிலியின் தொடக்கம் குடலில் என்றும் பல்லில் என்றும் முதுகில் என்றும் மனிதர் ஊகித்து வந்தனர்.

தாளம் பிறக்கும் இடம்

மெல்லும் தாளம் எங்கே பிறக்கிறது என்ற கேள்விக்கு 1971-ஆம் ஆண்டில் டெல்லோ, லண்ட் என்னும் இருவர் முயல்களைக் கொண்டு செய்த பரிசோதனை விடையளித்தது. முயலின் தசைகள் அசைய இயலாதபடி மருந்தால் செயலிழக்கச் செய்த பின்னும், அதன் தாடைக்குச் செல்லும் நரம்புகளில் மெல்லுவதற்குரிய தாளம் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது. பல் அசையவில்லை, தாடை அசையவில்லை, அங்கிருந்து எந்தச் செய்தியும் திரும்பி வரவில்லை. ஆயினும் தாளம் நிற்கவில்லை. மூளையின் அடிப்பாகமாகிய மூளைத்தண்டிலேயே அத்தாளத்தை எழுப்பும் நரம்புக் கூட்டம் அமைந்துள்ளது என்பது இதனால் நிலைநாட்டப்பட்டது.

இந்த உண்மை முதலில் அசைத்தது பல் வைத்தியரின் சித்தாந்தத்தையே. அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ராம்ஃபியோர்ட் என்னும் அறிஞர், பற்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதில் உள்ள கோளாறுகளே பற்கடிக்கு மூலம் என்று 1961-இல், தசைகளின் மின்பதிவை ஆதாரமாகக் காட்டி எழுதினார். அவருடைய கருத்து பல் வைத்தியத்தில் ஆழ வேரூன்றியது. கடிப்பைச் சரிசெய்வதற்காக நல்ல பற்களையும் ராவித் தேய்ப்பது சிகிச்சை முறையாயிற்று. 1984-இல் ரக் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் இந்தச் சித்தாந்தத்தை நேர்மாறான வழியில் சோதித்தனர். பற்பொருத்தத்தில் உள்ள கோளாறே காரணமானால், வேண்டுமென்றே ஒரு கோளாற்றை உண்டாக்கினால் பற்கடி அதிகரிக்க வேண்டுமல்லவா? அவ்வாறே சிலருடைய பல்லுக்கு இயல்புக்கு மீறி உயரமான உறையை மாட்டி இரவில் அளந்தபோது, அவர்களுள் பெரும்பாலோரிடம் கடிப்பு குறைந்தே காணப்பட்டது. காரணம் என்று நம்பியதைக் கூட்டினால் காரியம் குறைகிறதென்றால் அந்த நம்பிக்கை எத்தகையது? பல் வைத்தியம் தன் கொள்கையைத் தானே சோதித்து, தானே கைவிட்ட இந்த வரலாறு அத்துறைக்குக் குறைவன்று, பெருமையே.

டேவன்போர்ட் நகரத்துச் சித்தாந்தம்

இனி முதுகெலும்பு வைத்தியத்துக்கு வருவோம். கனடா நாட்டில் 1845-இல் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய டானியல் டேவிட் பால்மர் என்பவர், அயோவா மாகாணத்தில் மிசிசிப்பி நதிக்கரையிலுள்ள டேவன்போர்ட் நகரில், உள்ளங்கையின் காந்த சக்தியால் நோய்களை நீக்குவதாகச் சொல்லும் வைத்தியராக இருந்தார். அவர் வைத்தியம் நடத்திய கட்டிடத்தில் துப்புரவு வேலை செய்துவந்த ஹார்வி லில்லார்ட் என்பவருக்குப் பதினேழு ஆண்டுகளாகக் காது கேளாது. குனிந்து வேலை செய்தபோது முதுகில் ஏதோ பிசகியதாகவும், அன்றுமுதல் செவிப்புலன் போய்விட்டதாகவும் அவர் சொல்லக் கேட்டு, அவருடைய முதுகில் புடைத்திருந்த கணு ஒன்றைப் பால்மர் 1895-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் தேதி அழுத்தி உள்ளே தள்ளினார் என்றும், லில்லார்டுக்கு உடனே காது கேட்டது என்றும் கைரோபிராக்டிக் சரித்திரம் கூறுகிறது. இந்த ஒரு நிகழ்ச்சியின்மீது பால்மர் ஒரு முழுச் சித்தாந்தத்தையே எழுப்பினார். பிறவியறிவு என்னும் ஒரு சக்தி நரம்புகளின் வழியே உடலெங்கும் பாய்ந்து அதைக் காக்கிறது. முதுகெலும்பின் கணுக்கள் நிலை பிசகும்போது அந்தப் பாய்ச்சல் தடைப்படுகிறது. நோய்களுள் நூற்றுக்கு 95 இவ்வாறு விளைபவை. எனவே கணுவை நேராக்குவதே வைத்தியம். 1897-இல் அவர் தொடங்கிய கல்லூரியை அவருடைய மகன் பார்ட்லெட் ஜோஷுவா பால்மர் விரிவுபடுத்தி, இந்த வைத்தியத்தை அமெரிக்கா முழுவதும் பரப்பினார்.

முதல் அற்புதத்திலேயே ஒரு முடிச்சு இருந்தது. செவிப்புலனுக்குரிய நரம்பு மண்டையோட்டுக்கு உள்ளேயே, உள்செவியிலிருந்து மூளைத்தண்டுக்குச் செல்வது. முதுகெலும்பின் எந்தக் கணுவின் இடைவெளி வழியாகவும் அது வருவதில்லை. முதுகில் கணு பிசகினால் அந்த நரம்பு நசுங்க வழியே இல்லை.

பற்கடியைப் பற்றிய கைரோபிராக்டிக் விளக்கத்துக்கும் இதே முடிச்சு உண்டு. மெல்லும் தசைகளை இயக்குவது முக்கிளை நரம்பு என்னும் ஐந்தாம் மண்டை நரம்பு. அது மூளைத்தண்டிலிருந்து புறப்பட்டு, மண்டையோட்டின் அடியிலுள்ள துவாரத்தின் வழியே தாடைக்கு இறங்குகிறது; கழுத்தெலும்பை அது தொடுவதே இல்லை. ஆயினும் எதிர்க்கட்சியின் மிக வலுவான வாதத்தையும் எடுத்துரைப்பதே நேர்மை. முகத்தின் வலியையும் ஸ்பரிசத்தையும் மூளைக்குக் கொண்டுசெல்லும் முக்கிளை நரம்பின் உணர்வுப் பகுதி, மூளைத்தண்டிலிருந்து கீழே நீண்டு, கழுத்தின் மேற்பகுதியிலுள்ள தண்டுவடம்வரை இறங்கி, அங்கே கழுத்து நரம்புகளோடு கலக்கிறது. கழுத்து நோவு தலைவலியாகவும் நெற்றி வலியாகவும் உணரப்படுவது இந்தக் கலப்பினாலேயே. கைரோபிராக்டிக் வைத்தியர்கள் தங்கள் கொள்கைக்கு ஆதாரமாகக் காட்டுவதும் இதையே. ஆனால் அந்தப் பாதை வலியைச் சுமக்கும் பாதை. அதனால் விளக்கப்படுவது, கழுத்தில் உண்மையாகவே நோவுள்ள ஒரு குழந்தை உறக்கம் கலைந்து அதிகமாகப் பல் கடிக்கக்கூடும் என்னும் அளவே. நோவே இல்லாமல் ஓடியாடும் குழந்தையின் கழுத்தில், கண்ணுக்கும் கருவிக்கும் எட்டாத பிசகு ஒன்று ஒளிந்திருந்து இரவில் தாளம் போடுகிறது என்பதற்கு அதிலிருந்து ஆதாரம் கிடைப்பதில்லை. பிரிட்டனில் இத்தொழிலை ஒழுங்குபடுத்தும் பொது கைரோபிராக்டிக் கவுன்சிலே 2010-ஆம் ஆண்டில், கணுப் பிசகு என்பது சரித்திர சம்பந்தமான ஒரு கருத்தாகவே நிலவுகிறது என்றும், நோய்க்கு அது காரணம் என்று உரிமை கொண்டாடுவதற்கு மருத்துவ ஆராய்ச்சியின் ஆதாரம் இல்லை என்றும் அறிவித்துவிட்டது.

ஒரு குழந்தையின் கதையும் பனம்பழமும்

சித்தாந்தம் தவறாக இருந்தும் சிகிச்சை பலிக்கலாமே என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வைத்திய சரித்திரத்தில், காரணம் தெரியாமலே பயன் தந்த மருந்துகள் பல உண்டு. ஆகவே உடற்கூற்றை ஒருபுறம் வைத்துவிட்டு, பலன் உண்டா என்று மட்டும் பார்ப்போம். நீண்டகாலப் பற்கடியோடு தலைவலியும் கழுத்து நோவும் இருந்த ஒரு குழந்தையின் கழுத்து மேற்கணுவுக்குச் செய்த சிகிச்சையைப் பற்றிய அறிக்கை, கைரோபிராக்டிக் துறையாரின் பத்திரிகை ஒன்றில் 2003-இல் வெளியாயிற்று. இத்துறையார் எடுத்துக்காட்டும் சான்றுகள் பெரும்பாலும் இவ்வகையினவே: ஒரு வைத்தியர், ஒரு குழந்தை, ஒரு முன், ஒரு பின். சிகிச்சை பெற்ற குழந்தைகளையும் பெறாத குழந்தைகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டவையல்ல.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நம்மவர் சொல்வதுண்டு. வடமொழித் தர்க்க நூலாரும் இதையே ஒரு நியாயமாக எடுத்தாண்டனர். காக்கை உட்கார்ந்ததும் மெய், பழம் விழுந்ததும் மெய், ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்ததும் மெய். பழம் பழுத்துக் காம்பு விட்டிருந்ததுதான் கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று. பற்கடி எத்தகைய பழம் என்பதை முன்னரே கண்டோம். அது தானே விழுவது. அதற்குமேல், அது ஓரிரவுபோல் மற்றோர் இரவு இருப்பதில்லை. பரீட்சை நெருங்கும் வாரத்தில் ஓங்கும், விடுமுறையில் தணியும், சளி பிடித்தால் மீண்டும் வரும். பெற்றோர் வைத்தியரைத் தேடிப் போவது எப்பொழுது? பற்கடி மிக மோசமாக இருக்கும் வாரத்திலேயன்றோ! உச்சத்திலிருந்து புறப்பட்டது எதுவும் இறங்கியே தீரும். நெட்டையான பெற்றோரின் மக்கள் சராசரியை நோக்கித் திரும்புவதைப் பிரான்சிஸ் கால்டன் 1886-இல் கணக்கிட்டுக் காட்டிய அதே விதி, குழந்தையின் இரவுகளையும் ஆள்கிறது. இவற்றோடு சாட்சியின் நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பணம் கொடுத்து, நம்பிக்கை வைத்து, பலனை எதிர்பார்த்துக் காத்திருக்கும் தாயே இரவில் கேட்பவளும் காலையில் சொல்பவளுமாக இருக்கிறாள். கவலை தணிந்த பின் அவளே ஆழ்ந்து உறங்கிவிட்டால் ஓசை கேட்காது. கேட்காத ஓசை இல்லாத ஓசையாகக் கணக்கில் ஏறிவிடும்.

நம்பிக்கையின் வலிமையை அளப்பதற்கு மனிதர் முதன்முதலில் கையாண்ட பரிசோதனைகளுள் ஒன்று, பொருத்தமாக, ஒரு சிறுவனைக் கொண்டும், பால்மர் தம் வாழ்வில் முதலில் கைக்கொண்ட காந்த வைத்தியத்தைப் பற்றியுமே நடந்தது. மெஸ்மர் என்பவர் பரப்பிய உயிர்க்காந்த சிகிச்சை பாரிஸ் நகரத்தையே கலக்கியபோது, அரசர் பதினாறாம் லூயி 1784-இல் ஒரு குழுவை நியமித்தார். பெஞ்சமின் பிராங்க்ளினும், ரசாயன நிபுணர் லவாய்சியரும் அதில் இருந்தனர். பாஸி என்னுமிடத்தில் பிராங்க்ளின் தங்கியிருந்த வீட்டுத் தோட்டத்தில், மெஸ்மரின் சீடர் தெஸ்லோன் ஒரு சர்க்கரைப் பாதாமி மரத்துக்குக் காந்த சக்தி ஏற்றினார். பிறகு ஏறத்தாழப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்ணைக் கட்டி, சக்தி ஏற்றாத மரங்களிடம் ஒவ்வொன்றாக அழைத்துச் சென்றனர். நான்காவது மரத்தடியில் அவன் மூர்ச்சையாகி விழுந்தான். சக்தி ஏற்றிய மரமோ எட்ட நின்றது. சிறுவன் நடிக்கவில்லை, அவனுடைய மூர்ச்சை மெய்யானது, மரத்துக்கும் அதற்கும்தான் சம்பந்தமில்லை.

கண்ணைக் கட்டும் இந்தத் தந்திரத்தைக் கைரோபிராக்டிக் வைத்தியத்துக்கும் பயன்படுத்திய நல்ல பரிசோதனை ஒன்று உண்டு. அது பற்கடியைப் பற்றியது அன்று. குழந்தைகளின் ஆஸ்துமாவைப் பற்றியது. ஆயினும் நம் கேள்விக்கு அதைவிடத் தெளிவாக வெளிச்சம் தருவது வேறில்லை. கனடா நாட்டில் நடந்து 1998-இல் வெளியான அந்த ஆராய்ச்சியில், ஏழு முதல் பதினாறு வயதுவரையுள்ள ஆஸ்துமா நோயாளிகள், தம் வழக்கமான மருந்தை உட்கொண்டபடியே, சீட்டுப் போட்டாற்போல இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு உண்மையான முதுகெலும்புச் சிகிச்சை. மற்றொன்றுக்கு அதுபோலவே தோன்றும், ஆனால் கணுக்களை அசைக்காத போலிச் சிகிச்சை. நான்கு மாதங்களுக்குப் பின், முடிவு கிடைத்த 80 குழந்தைகளைப் பார்த்தபோது, உண்மைச் சிகிச்சை பெற்றவர்களுக்கு நோய்க்குறிகள் குறைந்திருந்தன, அவசர மருந்தின் தேவை குறைந்திருந்தது, வாழ்க்கை இலகுவாகியிருந்தது. போலிச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் அவ்வாறே! இரு பிரிவுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேற்றுமை எதுவும் இல்லை. அந்த இரண்டாம் பிரிவு இல்லாமல் முதற்பிரிவை மட்டும் கண்ட வைத்தியர் எவரும், தம் கை குழந்தைகளைக் குணப்படுத்தியது என்று மனமார நம்பியிருப்பார். பெற்றோரும் அதற்குச் சாட்சி சொல்லியிருப்பார்கள்.

ஒரே அளவுகோல்

பிறரை அளக்கும் கோலால் நம்மையும் அளந்துகொள்வதே விஞ்ஞானத்தின் தர்மம். பற்கடிக்கும் மூச்சுத் தடைக்கும் உள்ள சம்பந்தத்தை இன்றைய மருத்துவம் மிகவும் வற்புறுத்துகிறது. டான்சிலும் அடினாய்டும் வீங்கிக் குறட்டை விடும் குழந்தைகளிடம் பற்கடி அதிகமாகக் காணப்படுகிறது. பிரேசில் நாட்டில் அத்தகைய 69 குழந்தைகளை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட அறிக்கையில், அறுவைச் சிகிச்சைக்கு முன் நூற்றுக்கு 45.6 ஆக இருந்த பற்கடி பின்பு 11.8 ஆகக் குறைந்ததாகக் கண்டுள்ளது. இந்த எண்களைக் கண்டவுடன் வெற்றி முரசு கொட்ட நமக்கும் ஆசை எழும். ஆனால் இதிலும் முன்னும் பின்னுமே உண்டு. அறுவைச் சிகிச்சை பெறாமல் அதே காலத்தைக் கடந்த குழந்தைகளின் பிரிவு இல்லை. ஆகவே இதன் சாட்சியத்தையும் சந்தேகத்தோடே ஏற்க வேண்டும். எனினும் இதற்கும் கழுத்துக் கணுக் கொள்கைக்கும் ஒரு பேதம் உண்டு. மூச்சுத் தடைப்படும்போது மூளை சிறு விழிப்புக் கொள்கிறது என்பது கருவியால் அளந்து அறிந்த உண்மை. அந்தச் சிறு விழிப்பை ஒட்டித் தாடை இயங்குகிறது என்பதும் அளந்து அறிந்ததே. காரணத்துக்கும் காரியத்துக்கும் இடையிலுள்ள கண்ணிகள் இங்கே கண்ணுக்குத் தெரிகின்றன. கழுத்துக் கணுவின் கதையில் அவை தெரிவதில்லை. மேலும், பற்கடி இருப்பினும் இல்லாவிடினும் மூச்சுத் தடை தானாகவே கவனிக்கத் தக்க வியாதி.

பாட்டிமாரின் பூச்சிக் கொள்கைக்கும் இந்த அளவுகோலே. குடற்பூச்சிக்கும் பற்கடிக்கும் காரணகாரிய சம்பந்தம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. பூச்சி இருந்தால் பூச்சிக்காக மருந்து கொடுப்பது நல்லதே, பற்கடியை அதன் சாட்சியாகக் கொள்ள வேண்டியதில்லை.

கைரோபிராக்டிக் முழுவதையும் ஒரே வீச்சில் தள்ளிவிடுவதும் நியாயமன்று. வயது வந்தோரின் இடுப்பு நோவுக்கு முதுகெலும்புச் சிகிச்சை, மற்றச் சிகிச்சைகளைப் போலவே ஓரளவு பயன் தருகிறது என்பது பல பரிசோதனைகளால் தெரிந்தது. மூட்டும் தசையும் சம்பந்தப்பட்ட நோவைக் கையால் அழுத்தித் தணிப்பது வேறு. காது, மூச்சு, உறக்கம் ஆகியவற்றின் கோளாறுகளையெல்லாம் அதே கையால் தீர்ப்பதாகச் சொல்வது வேறு.

பயன் தெரியாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்பது கடைசியாக எழும் சமாதானம். குழந்தைகளுக்குச் செய்த முதுகெலும்புச் சிகிச்சையால் நேர்ந்த தீங்குகளைத் திரட்டி 2007-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, நேரடித் தீங்கு நேர்ந்ததாக 14 நிகழ்ச்சிகளையே கண்டது. அவற்றுள் 9 கடுமையானவை. மூளை உறைக்கடியில் ரத்தக் கசிவும் கால்கள் செயலிழந்ததும் அவற்றில் அடங்கும். எண்ணிக்கை சிறிதே. அதே ஆய்வில் காணப்பட்ட மற்றோர் 20 நிகழ்ச்சிகள் நம் கவனத்தை இன்னும் அதிகமாகக் கவர்வன. அவற்றில் கேடு செய்தது கையின் அழுத்தத்தைவிடக் காலம் கடந்ததே. நீரிழிவும் புற்றுநோயும் போன்ற உண்மையான வியாதிகளைக் கண்டுபிடிக்கத் தாமதமாயிற்று. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில், பிறந்து இரு வாரமே ஆன சிசுவுக்குச் செய்த சிகிச்சையின் படக்காட்சி பரவிப் பெரும் பரபரப்பு உண்டானதையொட்டி, அரசாங்க ஸ்தாபனம் ஒன்று 2019-இல் விரிவாக விசாரித்தது. கடுந்தீங்கு நேர்ந்ததற்கான சான்று மிகக் குறைவே என்று அது ஒப்புக்கொண்டது. பயன் உண்டென்பதற்கும் வலுவான சான்று இல்லை என்று சேர்த்துச் சொன்னது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பொது ஆரோக்கியத்துக்கென்றோ, ஆஸ்துமா, படுக்கையில் சிறுநீர் கழித்தல், காது நோய் முதலியவற்றுக்கென்றோ முதுகெலும்பை அழுத்தும் சிகிச்சை கூடாது என்று சிபாரிசு செய்தது. தீங்கு அரிது, பயனோ நிரூபணமாகவில்லை. இத்தகைய தராசில் ஒரு குழந்தையின் கழுத்தை வைப்பதற்கு அவசியம் என்ன?

பெற்றோர் செய்யத் தக்கது

2018-ஆம் ஆண்டில் பல நாட்டு நிபுணர்கள் கூடி வெளியிட்ட ஒருமித்த அபிப்பிராயத்தின்படி, வேறு விதத்தில் ஆரோக்கியமாக உள்ளவரிடம் தூக்கத்துப் பற்கடி ஒரு வியாதியாக எண்ணத் தக்கதன்று. தாடைத் தசைகளின் ஒரு செயல் மட்டுமே. சிலருக்கு அது பல்லைத் தேய்த்துத் தீங்கு செய்யலாம்; சிலருக்கு மூச்சு வழியைத் திறந்து வைக்க உதவுவதுபோல நன்மையும் செய்யலாம்.

ஆகவே பெற்றோர் கவனிக்க வேண்டியது ஓசையைவிட அதன் சூழலையே. குழந்தை குறட்டை விடுகிறதா, வாயால் மூச்சு விடுகிறதா, உறக்கத்தில் மூச்சு நின்று திணறுகிறதா, பகலில் சோர்ந்து விழுகிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று இருப்பினும் குழந்தை வைத்தியரிடம் செல்வது கடமை. காலையில் தாடை வலியோ தலைவலியோ சொன்னாலும், பற்கள் கூசினாலும், தேய்ந்து தட்டையானாலும் பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். மனச்சோர்வுக்கும் கவனக் குறைவுக்கும் கொடுக்கும் மருந்துகளுள் சில பற்கடியைத் தூண்டக்கூடும் என்பதால், அத்தகைய மருந்து உட்கொள்ளும் குழந்தையாயின் அதைக் கொடுத்த வைத்தியரிடம் தெரிவிக்க வேண்டும். தாமாக நிறுத்துவது தகாது. காலம் தவறாத உறக்கம், மாலைக்குப் பின் காப்பியும் தேயிலையும் தவிர்த்தல், வீட்டில் பிறர் விடும் சிகரெட் புகையிலிருந்து விலக்கி வைத்தல், பள்ளிக்கூடத்தில் என்ன பயம் என்று மெல்லக் கேட்டறிதல் ஆகியவை எவ்விதத்திலும் தீங்கற்றவை. பல்லில் மாட்டும் உறைகளோ, தாடை வளர்ந்துகொண்டிருக்கும் வயதில் நிபுணரின் யோசனையின்றிக் கொள்ளத் தக்கவையல்ல. இவை ஒன்றும் இல்லையாயின் காத்திருப்பதே சிகிச்சை. இருபது பால் பற்களும் ஏறத்தாழப் பன்னிரண்டு வயதுக்குள் விழுந்து புதியவை முளைத்துவிடும். தேய்ந்தவற்றுள் பெரும்பாலானவை அவையே.

எந்தச் சிகிச்சையைப் பற்றியும், அதை அளிப்பவர் எத்துறையினராயினும், பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இதைச் செய்யாத குழந்தைகளுக்கு என்ன ஆயிற்று? அதற்கு விடை இல்லாத இடத்தில், குணமடைந்தவர்களின் சாட்சியம் எவ்வளவு குவிந்தாலும் அது ஒரு பக்கத்துச் சாட்சியமே. ஏனெனில் பூச்சி மருந்து கொடுத்தவருக்கும், பல்லை ராவியவருக்கும், கழுத்தை அழுத்தியவருக்கும் நன்றிக் கடிதம் எழுத ஆள் உண்டு. பொறுத்திருங்கள், தானே போய்விடும் என்று சொல்லி அனுப்பிய வைத்தியருக்கு, அவர் சொன்னபடியே போய்விட்ட பின், கடிதம் எழுத எவருக்கும் தோன்றுவதில்லை. அதனால் உலகில் சிகிச்சைகளின் புகழ் நாளுக்கு நாள் பெருகுகிறது; பொறுமையின் வெற்றிகளோ எந்த ஏட்டிலும் ஏறாமலே போகின்றன. ஒப்பீட்டுப் பரிசோதனை என்பது அந்த வெற்றிகளையும் கணக்கில் ஏற்றுவதற்காக மனிதர் கண்டுபிடித்த உபாயமே ஆகும்.